மேலே மூன்று, கீழே மூன்று

சிவப்பில் ஒரு வரி போகிறது,
பச்சையில் ஒரு வரி வருகிறது.
‘இரண்டுக்கு மேல்’ என்றிருந்தது
‘மூன்றுக்கு மேல்’ என்றாகிறது.
அவ்வளவுதான் மாற்றம்.

மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி
காட்டுகிறது டிஃப்.
யார் வைத்த கணக்கோ இந்த மூன்று.

மேல் மூன்றில் ஒன்று வெற்று வரி.
ஒன்று வெறும் அடைப்புக்குறி.
இன்னொன்று அந்துவான் என்றோ எழுதிய குறிப்பு:
‘ஓடுது. தொடாதீங்க.’
கீழ் மூன்றும் அடைப்புக்குறிகளே,
ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி
படியிறங்குகிற மாதிரி.

மஞ்சக்குப்பத்தில் மாடி அறை.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்குகிற சத்தம்.
மழை சாய்ந்து அடிக்கிறது, ஜன்னலோர பிளக்கில்
பாலித்தீன் பை கட்டியிருக்கிறேன்.
துறைமுகத்தில் கூண்டு எண் ஏறினால்
படகுக்காரர்களின் போனுக்குச் செய்தி போகும்;
அதற்கான நிரல் இது.
ஒரே ஒரு எண்தானே என்று
‘சரி’க்குப் போய்விட்டது விரல்.

நிறுத்தியது ஒரு இடைவெளி.
அந்த வரி எட்டு எழுத்து உள்ளே தள்ளி நின்றது.
யாருடைய வீட்டுக்குள் நிற்கிறது என்று
சுற்றி நின்ற ஆறு பேரும் சொல்லவில்லை.

பத்து வரி கேட்டேன்.
மேலே நான்காவதாக,
சன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில்,
இருந்தது:
இரவு என்றால்.

இரவு என்றால்
மூன்றாம் எண் கூண்டுக்குச் செய்தி போகாது.
தேவனாம்பட்டினத்தில் படகைத் தள்ளுவது
மூன்று மணிக்கு.
அவர்களுக்கு அது வேலை நேரம்,
நிரலுக்கு இரவு.

“தூக்கத்துல எழுப்புறீங்கன்னு
புகாரு மேல புகாருக்கா” என்றான் அந்துவான்.
பொய்யில்லை. புகார் எல்லாம்
ஊருக்குள் மெத்தையில் படுப்பவர்களுடையது என்பது
அவனுக்குத் தெரிந்த மூன்று வரிக்குள் வரவில்லை.

தலையில் செயற்கூறின் பெயரைப் போட்டால்
போதுமென்று ஒரு கட்சி உண்டு.
பெயரைப் பார்த்தேன்: அனுப்பு.
என்னத்தை, யாருக்கு, எப்போது?

சரி, முழுக் கோப்பையும் காட்டு என்றேன்.
இரண்டாயிரத்து முந்நூறு வரி.
உருட்டி உருட்டிப் போனதில்
மாறிய வரியே காணாமல் போனது.
கரையில் நின்று
நம் படகு விளக்கு எதுவென்று தேடுவது போல.
எல்லாம் தெரிந்தது,
எதுவும் கண்ணில் படவில்லை.

ஏழு வரிக்குத் திரும்பினேன்.
பிறகு பதினொன்று. பிறகு மறுபடி பத்து.
‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று எழுதி
ஏன் என்று விளக்க உட்கார்ந்தபோது
போன் அதிர்ந்தது. பூட்டிய திரையில்
குழுவின் பெயரும் ஒரு சொல்லும் மட்டும்.

புயல் வேலை:
ஏத்தியாச்சு.

துறைமுகத்தில் கூண்டை ஏற்றும்
பாவாடைராயனும் அந்தக் குழுவில் இருக்கிறான்.
சர்வரில் மாற்றத்தை ஏற்றும்
அந்துவானும் இருக்கிறான்.

ஈர விரலை எடுத்துக்கொள்ளவில்லை போன்.
புடவையில் துடைத்துத் திறந்தேன்.
எழுதியது தனசீலன்,
எதையும் ஏற்றாதவன், எல்லாவற்றையும் சொல்கிறவன்.
அதற்கு மேலே யாரோ: ஏத்தியாச்சா?
அதற்கு மேலே ஒரு கட்டைவிரல்.
அதற்கு மேலே
நேற்றுக் கரண்ட் போனதைப் பற்றி.

இன்னும் மேலே இழுக்கிறேன்.
மணி ஒன்பது நாற்பது.
இரவு என்றால், இரவுதான்.