பத்து மீட்டர்

கிரியான் ஆற்றங்கரையிலிருந்து உள்ளே பத்து மீட்டர்
எதுவும் நடக்கூடாது என்று
சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார் புவான் நோர்ஹயாத்தி.
பதினொரு செம்பனை போயிற்று.
பதினொன்றும் நான் நட்டவை.

உழாத நிலத்துக்கு அரசாங்கம் பணம் தருகிறது,
கிராண்டில் யார் பெயரோ அவருக்கு.
பெயர் குணாளன். பட்டர்வொர்த்தில் மாடிவீடு.
இந்தச் சேற்றில் அவர் செருப்பு
ஒரே ஒருமுறை மாட்டியிருக்கிறது.

நேற்றுப் போன் செய்தார்:
"ஆள் வந்து படம் எடுப்பான் சன்னாசி,
புல்லு உயரமா இருக்கணும். வெட்டிடாதே."
சரிங்க என்றேன்.
முப்பது வருஷம் புல்லோடு மல்லுக்கட்டியவனுக்கு
இப்போது புல்லுக்குக் காவல்.
நிபோங் திபால் கோப்பிக் கடையில்
கைப்பேசியில் வந்த பாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
பெறுபவர் என்று ஒரு கட்டம்தான்.

ஒன்று சொல்லவேண்டும்.
மூன்றாம் மாதம் நீர்நாய்கள் வந்தன.
நான்கு. அதில் ஒன்று குட்டி.
என் கூண்டைப் பிரித்துத் திலாப்பியாவைத் தின்றுவிட்டு
நாடா கட்டிய கம்பின் அடியிலேயே
செதிலும் முள்ளுமாய்க் கழித்துவைத்திருந்தன.

பாராங்கை எடுத்துக்கொண்டு போனேன்.
புல் என் மார்புவரை.
உள்ளே எங்கேயோ
குட்டி கீச்சிட்டது, ஈரத் துணியைப் பிழிவதுபோல.

சும்மா திரும்பிவந்தேன்.
மறுநாள் கூண்டை ஓரடி தள்ளி,
கதவைச் சரியாகக் கட்டாமல் வைத்தேன்.

குணாளனிடம் சொல்லவில்லை.
சொன்னால்
அதற்கும் ஒரு பாரம் நிரப்பிவிடுவார்.