தினமும் ஜனவரி ஒன்று

திருத்துறைப்பூண்டி அலுவலகத்தில்
என் மேசைத் தொலைபேசிக்குள்
எல்லா ஆசிரியர்களும் ஒரே வாக்கியத்தில்தான் நுழைவார்கள்:
"சார், நான் ஒண்ணுமே பண்ணலை. அதுவா போயிடுச்சு."

அதுவாகப் போனவற்றைத் தேடுவது என் வேலை.
நாச்சிகுளத்தில் கடவுச்சொல்.
ஆலத்தம்பாடியில் எல்லாப் புள்ளிகளும்:
அம்மா என்று அடித்தால் அமமா என்று விழுகிறது,
பிள்ளைகள் அதையே உரக்க வாசித்துச் சிரிக்கிறார்கள்.
எடையூரில் ஒரு தலைமையாசிரியர்
வெளியிடு என்ற பொத்தானை ஆறு மாதமாகத் தொடவில்லை,
தொட்டால் நேரே கலெக்டருக்குப் போகும் என்று யாரோ சொல்லி.
நாற்பத்தொரு கட்டுரைகள் உள்ளே குந்தியிருந்தன.
மதகைத் தூக்கிவிடுற மாதிரிதான் சார், என்றேன்.
"உவமை வேணாம் தம்பி. எந்தப் பொத்தான்?"

அதற்குப் பிறகு உவமை சொல்வதில்லை.

இடும்பாவனத்திலிருந்து ஹபீபுன்னிசா டீச்சர்
ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் நான்கு முறை அழைத்தார்.
வகுப்புப் பக்கம் திறக்கவில்லை,
பாதுகாப்பற்ற இணைப்பு என்கிறது.
"நாங்க என்ன பாதுகாப்பில்லாம செஞ்சோம்?"
இணையம் வருதா? வருது.
அணைச்சுப் போட்டீங்களா? போட்டோம்.
ஐந்தாம் முறை அழைக்கவில்லை.
அதனால்தான் கிளம்பினேன்.

மழை. சாலையும் வாய்க்காலும் ஒரே நிறம்.
மடித்த பேன்ட்டோடு ஆறாம் வகுப்புக்குள் போனால்
திரையின் மூலையில் பொடி எழுத்தில்
ஜனவரி 1, 2009.

மின்சாரம் போகும்போதெல்லாம்
அந்த நாளுக்கே திரும்பிப் போயிருக்கிறது.
ஐப்பசியில் இந்தப் பக்கம் அது எத்தனை தடவை போகும் என்று
உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
எதிர்முனை காட்டும் சான்றிதழ் இந்த வருஷத்தது.
2009இல் அது இன்னும் பிறக்கவில்லை.
பிறக்காத ஒன்றை எந்த இயந்திரம் நம்பும்?
அந்த வகுப்பில் ஒருவருமே அப்போது பிறக்கவில்லை.

உள்ளே சட்டைப் பொத்தான் அளவு மின்கலம்,
செத்து, ஓரத்தில் பச்சை பூத்து.
டீச்சரின் ஸ்கூட்டியில் முத்துப்பேட்டை போய்
கடிகாரக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.
மாட்டவும் தேதி வைக்கவும் இரண்டு நிமிடம்.
பக்கம் திறந்தது.
காலி.

"பிள்ளைங்க ஒண்ணும் எழுதலியா டீச்சர்?"
அவர் பீரோவைத் திறந்தார்.

நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு கட்டுரை,
மேலே பெயர், தேதி, நேரம். நேரம்கூட:
காலை 10.42.
கீழே சோற்றுப் பசையில் ஒட்டிய துண்டுத்தாள்களில்
மற்ற பிள்ளைகளின் பதில்கள்.
ஒன்றின் குறுக்கே சிவப்பு மையில்
"மரியாதையாக எழுதவும். இப்படிக்கு, நிர்வாகி."

"தினம் ஒருத்தராவது எழுதணும்,
ரெண்டு பேராவது பதில் போடணும்னு
பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க.
பொட்டி ஓடலைன்னா நிறுத்தச் சொல்லலியே."

சொன்னேன்தான். திருவாரூரில், சாம்பார் சாதத்துக்குப் பிறகு,
பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருக்க,
எனக்கே பெரிய நம்பிக்கை இல்லாமல்.

நாலரைப் பேருந்தை விட்டேன்.
பிள்ளைகள் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன்,
ஒரு புள்ளி விடாமல்.

பதினேழாம் பக்கம். வீ. கதிரொளி. செப்டம்பர் 3.
"எல்லா ஊருக்கும் போன பிறகுதான்
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது. ஏன்?"
அடியில் ஒரே துண்டு, பென்சிலில்:
"நேத்தே வந்துட்டு. நீ லீவு."

அதையும் அடித்தேன்.
வெளியிடுவதற்கு யார் விரல் என்று ஒரு சண்டை கிளம்பி
அது முடிவதற்குள் மின்சாரம் போனது.
இருட்டில் ஓட்டின் மேல் மழை மட்டும்.
திரும்பி வந்தபோது முப்பது தலைகளும் திரையின் மூலைக்குச் சாய்ந்தன.
நவம்பர் 19. இன்றைய தேதி, இன்றைய வருஷம்.
கைதட்டினார்கள்.

பதினேழாம் பக்கத்தை மட்டும் காணோம்.
டீச்சர் என்னைப் பார்த்தார்.

நான் ஒண்ணுமே பண்ணலை டீச்சர், என்றேன்.