ஐம்பத்து நான்கு லிட்டர்

ஆஸ்ட்ராவாவில் ஞாயிறு காலை மீன்சந்தை.
சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் நடனக்கூடத்தில்
ஊறுகாய் ஜாடிகள்; ஒவ்வொன்றிலும்
ஒரு பெயர், ஒரு விலை, ஒரு ஜோடி.

நான் ராமிரெசிக்காகப் போயிருந்தேன்.
நீலப்பொடி தூவிய உடம்பு,
இரண்டு மாதமாகக் கைபேசித் திரையில் நீந்துகிறது.

பொஹுஷ் விலை சொல்லவில்லை.
"ஜனவரியில் உங்கள் சமையலறை எத்தனை டிகிரி?" என்றார்.
பத்தொன்பது. இரவுப்பணி டிராம் ஓட்டுநரின் வீடு,
கட்டணத்துக்குப் பயந்து
வெப்பக்குழாயைக் குறைத்தே வைக்கிறாள் ஹெட்விகா.
"இது இருபத்தெட்டு கேட்கும்.
கொடுத்தாலும் சிலது காரணம் சொல்லாமல் சாகும்."

அடுத்த ஜாடியில் கொண்டைக்காரன்,
முதுகுத்துடுப்பில் நெருப்பு, வாயில் வீறாப்பு.
"இவனுக்கு மூன்று மனைவி, மூன்று தனிக்குடித்தனம்.
தொட்டி எவ்வளவு?"
அறுபதுக்கு முப்பது என்று கைகளால் காட்டினேன்.
உயரத்தை அவர் கேட்கவே இல்லை.
"குள்ள சிக்லிட்டுக்குத் தண்ணீர் சும்மா மேலே நிற்கிற வானம்.
ஊர் என்றால் தரைதான்."

கடைசி ஜாடி. பொரெல்லி.
சாம்பல் நிறத்தில் எதுவோ இரண்டு.
இதுவா என்று முகம் சுளித்திருப்பேன் போல.
"ஜாடிக்குள் எல்லா மீனும் சாம்பல்தான்.
உங்களைப் போட்டால்?"
குளிரைப் பொறுக்குமாம், குழாய்த் தண்ணீரோடு சண்டை போடாதாம்.
"முதலில் பெண்ணைப் பாருங்கள்.
வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, துடுப்பு மடங்கியிருக்கக் கூடாது.
விரல் நீட்டினால் ஓடட்டும், ஆனால் திரும்பிப் பார்க்கட்டும்.
ஆண் யாராக இருந்தாலும் சரி."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கோட்டுக்குள் பையை அணைத்துக்கொண்டு
எட்டாம் எண் டிராமில் பயணியாக உட்கார்ந்து
ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரை மனதுக்குள் திட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, விடிகாலை ஐந்தரை:
விரல் நீளம்கூட இல்லாத பெண், எலுமிச்சை மஞ்சளில்,
கண்ணின் குறுக்கே மை இழுத்து,
கவிழ்த்த கொட்டாங்குச்சியின் வாசலில் நிற்கிறாள்.
உள்ளே கூரையில் முட்டைகள்.
அவளைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆண்
ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி, என் பக்கமாகப் பார்க்கிறான்.

பாவம் என்றேன்.
வேலைக்குக் கிளம்பிக்கொண்டே ஹெட்விகா,
"நீ தூங்குகிற அறையில்
சத்தமில்லாமல் சீப்பு தேடுகிறேனே தினமும், அது?"
முப்பத்தெட்டு சதுர மீட்டர், எங்களுடையது.

அன்று மாலை இன்னொரு கொட்டாங்குச்சி அறுத்து
மறுகோடியில் அவனுக்கென்று வைத்தேன்.
நடுவில் ஒரு கல், பார்வை படாமல்.

அவன் போகவில்லை.
அவள்தான் போய்
அதன் உள்ளேயும் பார்த்துவிட்டு வந்தாள்.