றோலின் கடைசி ஏழு

முப்பத்தாறில் இருபத்தொன்பது
அடையாள அட்டைக்கு.
முகம் நேரே. இரண்டு காதும் தெரிய வேண்டும்.
தொப்பியைக் கழற்றுங்கோ. சிரிக்க வேண்டாம்.
ஜம்பட்டா வீதி ஸ்ருடியோவில்
நாள் முழுக்க இதையே சொன்னேன்,
இரண்டு மொழியிலும், சில நேரம் சைகையிலும்.

மிச்சம் ஏழு எனக்கு.
முதலாளி எண்ணிப் பார்க்காதவை.

ஐந்தரைக்குக் கடையை இழுத்துப் பூட்டி
கமராவைச் சாப்பாட்டுப் பைக்குள்
கத்தரிக்காய் மணக்கும் பெட்டிக்கடியில் ஒளித்து
கொம்பனித்தெருவில் இறங்குவேன்.
வாவியின் பாசி நாற்றம், பூட்டிக்கிடந்த களஞ்சியம்,
அதன் முன்னால் சீமெந்துத் தளம்.
யாரோ வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் அட்டையை
விரித்து வைத்திருப்பார்கள்.
"இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி.
அதன்மேல் தலைகீழாய் நிற்பான் கறண்ட்.

கசெற் ஸ்காபரோவிலிருந்து வந்தது,
ஒரு மச்சானின் மச்சான் அனுப்பியதன்
பதினோராவது பிரதி.
பாட்டைவிட இரைச்சல் அதிகம்.
சொல் ஒன்றும் விளங்காது,
விளங்காத சொல்லை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்.
பற்றரி இறங்கினால் குரல் இழுபடும்,
அவர்களும் மெதுவாகச் சுழல்வார்கள்.
முற்றாய் நின்றுபோனால் ரினோஸா இருக்கிறாள்:
கார்மென்ற் விட்டு வந்த களைப்போடு
உள்ளங்கையை வாயில் குவித்து
தையல் மெஷினை, ரயிலை, மழையைத் தாளமாய்த் துப்புவாள்.

வெள்ளைச் சப்பாத்து ஒரே சோடி. ஆள் நாலு.
அளவு எட்டு.
லைற்போஸ்றுக்குப் பத்து வேண்டும், குதியை மிதித்துப் போடுவான்.
நிசங்கவுக்கு ஆறு, நுனியில் பேப்பர் அடைப்பான்.
முறை மாறும்போது நாடாவும் மாறும்,
சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை,
அவனவன் நாடா அவனவன் பொக்கற்றில்.
களிசான் புறக்கோட்டை நடைபாதையில் எடுத்தது,
ஏற்றுமதியில் கழித்தது, ஒரு கால் நீளம்.
கறண்ட் நீண்ட காலை முழங்கால்வரை சுருட்டினான்.
அடுத்த வாரம்
நல்ல களிசான் வைத்திருந்தவர்களும்
ஒரு காலைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை.
சாவடியில் பையைக் கிளறிய சிப்பாய்
கமராவின் முதுகைத் திறந்தான்.
மாலை வெயில், ஒரு மூச்சு நேரம்.
இருபத்தொன்பது பேருக்கும் காதில்லை, முகமில்லை.
அவர்களைத் திரும்பக் கூப்பிட்டேன்,
என் சம்பளத்தில், மன்னிப்புக் கேட்டு.
அந்த ஏழை எங்கே கூப்பிடுவது?
கறண்ட் அன்றுதான் முதன்முதலாய் ஒற்றைக்கையில் நின்றான்.
ஞாயிறு மணிக்கட்டு முறிந்தது.

லைற்போஸ்ற் ஒருநாள் ஸ்ருடியோவுக்கே வந்தான்,
அடையாள அட்டைக்கு.
தொப்பியைக் கழற்றச் சொன்னேன்.
அவனுக்கு நெற்றி இருப்பது அன்றுதான் தெரியும்.
பற்றுச்சீட்டில் எழுதினேன்:
ஸ்ரனிஸ்லாஸ் யூட் அருள்நேசன்.
இரண்டு பேருக்கும் வெட்கமாய்ப் போனது.

இப்போது ஒரு பெண் வந்திருக்கிறாள்,
வெள்ளைக் கையுறை, சின்ன இடுக்கி,
சுவரில் மாட்டப் போகிறார்களாம்.
ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர் வேண்டும்,
முழுப்பெயர், ஊர், தெரிந்தால் பிறந்த வருடம்.
சாவடியில் கேட்டதுதான்.
இவள் மரியாதையாய்க் கேட்கிறாள், தேநீரும் குடிக்கிறாள்.

பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் கட்டிலுக்கடியில்தான் இருக்கின்றன.
சொல்லவில்லை.
லைற்போஸ்ற் என்று எழுதுங்கோ, என்றேன்.
கறண்ட். ரினோஸா, அவள் சொந்தப் பெயரில்தான் துப்பினாள்.

கடைசிச் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
றோல் முடிந்து பாதியில் அறுந்த படம்:
ஆள் இல்லை, அட்டையின் அம்புக்குறி,
ஆகாயத்தில் ஒரு சப்பாத்து.
"இது ஆரெண்டு தெரியாதுதானே, அக்கா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
பச்சை நாடா.
நிசங்க.