ஒரு படகுக்குப் பதினேழு கேள்விகள்

திரோன்ஹைம். தொண்ணூற்றெட்டு, ஜனவரி.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

ராக்ன்ஹில் அவுனே
உலாவி செய்கிற சின்னக் கம்பெனியில்
பெட்டிகள் எழுதுகிறவள்.
சரி. வேண்டாம். உதவி.
எங்கோ யாரோ
யோசிக்காமல் அமுக்கப்போகிற பொத்தான்களை
யோசித்து யோசித்து எழுதுகிறவள்.

இந்த வாரம் குக்கீ.

ஒரு தளத்துக்குப் போகிறாய்.
அது உன் கணினிக்குள்ளேயே
ஒரு வரி எழுதி வைத்துவிடுகிறது.
அடுத்த முறை போனால்
அந்த வரியை உன்னிடமே கேட்டு வாங்கி வாசித்து
'ஓ, நீயா' என்கிறது.
அவ்வளவுதான் சமாச்சாரம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
சொல்லி வளர்த்தார்கள் நம்மை.
இந்தத் தின்பண்டம் தலைகீழ்.
கொடுத்தவன் மறப்பதே இல்லை,
தின்றவளுக்குத்
தின்றதே தெரியாது.

அதனால்தான் அவள் எழுதினாள்:
'ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்.'
ஒரு சின்னச் சதுரம், டிக் போட.
பிளாப்பியில் ஏற்றி
பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சீக்வார்த்துக்குப் படகு நேரம் பார்க்கவேண்டும்.
அக்கரையில், சால்மன் பண்ணையில், இரவு வேலை.
ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் கம்பளி உறை.
மோடம் கீச்சிட்டு அடங்கியது.
தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கு.

இந்தத் தளம் ஒரு குக்கீ வைக்க விரும்புகிறது. அனுமதிக்கலாமா?
வேண்டாம்.
இந்தத் தளம் ஒரு குக்கீ வைக்க விரும்புகிறது. அனுமதிக்கலாமா?
வேண்டாம் என்றேனே.
வானிலைப் படம் கேட்டது.
ஓரத்தில் பனிச்சறுக்கு விளம்பரம் கேட்டது,
அதன் முகவரி இருவரும் கேள்விப்படாதது.
ஏழாவதில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
பதினொன்றில் 'ஆம்'.
பன்னிரண்டை வாசிக்கவேயில்லை.
பதின்மூன்று, பதினான்கு
ஆம் ஆம்
பதினேழில் அட்டவணை விரிந்தது.

படகு ஐந்து பத்துக்கு.
சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பன்னிரண்டு.

"உன் பெட்டிக்கு ரொம்ப மரியாதை, ராக்ன்ஹில்.
மரியாதையாகவே என்னைக் கவிழ்த்துவிட்டது."

அவன் பண்ணைக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கினான்.
அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள்,
குக்கீகள் வரிவரியாய்ப் படுத்திருக்கும் கோப்பு.
பனிச்சறுக்குக்காரனின் வரி:
எண்கள், எண்கள், பிறகு காலாவதித் தேதி.
இரண்டாயிரத்து முப்பத்தைந்து.

சீக்வார்த்துக்கு அப்போது எண்பத்தொன்று.
இந்த வீட்டின் கடனே இருபத்தைந்து வருஷம்தான்.
வங்கிக்காரன் மூன்று கையெழுத்து வாங்கினான்,
ஓர் அடையாள அட்டை பார்த்தான்,
காபி கொடுத்தான்.

கதவு செய்யச் சொன்னார்கள்.
நான் அழைப்புமணி செய்திருக்கிறேன்
என்று நினைத்தாள்.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

மறுநாள் ஹால்வ்டானிடம் சொன்னாள்:
"கேட்பது போதாது. பட்டியல் வேண்டும்.
யார் யார் வைத்தார்கள், எதுவரைக்கும்,
அழிக்க ஒரு பொத்தான், பெயருக்குப் பெயர்.
இன்னொன்று:
ஜன்னலை மூடும்வரை மட்டும் இருக்கலாம்,
அதற்குமேல் கிடையாது."

"யார் உட்கார்ந்து பட்டியல் வாசிப்பார்கள்?"

"பூட்டை யாரும் தினமும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஹால்வ்டான்."

பட்டியலுக்குச் சரி என்றான்.
ஜன்னல் யோசனை அடுத்த பதிப்புக்கு.
ஆனால் பெட்டியைப் பிரித்ததும் இருக்கும் நிலை
'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' தான்,
அதில் கை வைக்கக்கூடாது.
அவளுடைய பட்டியல்
நான்கு மெனுவுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது,
வழி தெரிந்தவர்களுக்கு.

மார்ச்சில் ஒரு ஞாயிறு.
ஜாம் ஒட்டிய விரலோடு சீக்வார்த்
மெனு மெனுவாய் இறங்கினான்.
அவள் சொல்லித்தரவில்லை,
காபிக் கோப்பையை மட்டும் தள்ளி வைத்தாள்.

"படகுக்காரன் இருக்கட்டும்.
எந்தத் துறை என்று ஒவ்வொரு தடவையும் கேட்க மாட்டான்."
செய்தித்தாள்? கொஞ்சம் யோசித்தான். விட்டுவிட்டான்.
"இது யார்?"
"சறுக்குக்காரன். உன் எண்பத்தொன்று வரை."

சிரித்தான். அமுக்கினான்.
ஒரு கணம் அங்கே வெற்றிடம்,
பிறகு கீழே இருந்த வரிகள்
ஒவ்வொன்றாய் மேலே நகர்ந்து
நெருங்கி உட்கார்ந்துகொண்டன.

பொத்தானில்
கொஞ்சம் ஜாம்.