பாலம்போட்டாறு வரை

கொட்பேயில் ஐஸ் போட்டு, மீன் ஏற்றி
விடியப்புறம் மூன்றரைக்கு எடுத்தால்
சரியாகப் பாலம்போட்டாற்றில் நின்றுவிடும்.
ஒரு பீடி முடியும்வரை நிற்கும்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பிடிக்கும்.
தம்புள்ளை போவதற்குள் இன்னும் நாலு தடவை.
சூரை இளகும். விலையும் இளகும்.

குகநேசன்தான் டீசலை எடுத்து விற்கிறான் என்றேன்.
மண்ணெண்ணெய் கலக்கிறான் என்றேன்.
அவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு
மற்றப் பக்கத்துக் கதவால் இறங்கினான்.

சீனக்குடாவில், ரயில் கடவைக்கு இப்பால்
பாத்தலட்டின் கராஜ்.
பின்னால் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள்
கூரையில் குரங்குகளை வைத்துக்கொண்டு நின்றன.

"ஸ்டார்ட் பண்ணு. ஒருத்தரும் கதைக்கவேண்டாம்."
நீட்டு ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து
நுனியை எஞ்சினில் ஊன்றினான்.
டக். டக். டக்கடக்.
எனக்கு அது ஒரு சத்தம்.
அவனுக்கு ஒரு வீட்டில் நாலு பேர்
ஒரே நேரத்தில் கத்துவதுபோல் இருந்திருக்கும்,
முகத்தைச் சுளித்தான்.

பதினேழாம் இலக்கச் சாவியால்
இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தத் தொடங்கினான்.
முதலாவது. எஞ்சின் நொண்டியது. இறுக்கினான்.
இரண்டாவது. நொண்டியது. இறுக்கினான்.
மூன்றாவதைத் தளர்த்த
டீசல் மணிக்கட்டில் பீச்சியது,
எஞ்சின் கவனிக்கவேயில்லை.
இடிப்பு மட்டும் நின்றது.

"வேலை செய்யாமல் சத்தம் போடுகிறவன் இவன்தான்."
குகநேசன் அவசரமாக
விமானத் தளத்தின் பக்கம் பார்த்தான்.

"ஆனால் வண்டி நிற்கிறது இவனாலை இல்லை."
பில்டர் கிண்ணத்தை வெயிலில் பிடித்தான்: தண்ணீர் இல்லை.
ஆசுபத்திரிச் சேலைன் குழாயை இடையில் பூட்டினான்:
குமிழி இல்லை.
ஒரு கானில் டீசல் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட்டு
அதிலிருந்து நேரே கொடுத்தான்.
ஒரு மணித்தியாலம். இரண்டு.
லொறி நிற்கவேயில்லை.
"அப்ப டாங்கிக்குள்."

வளைத்த கம்பியோடு வந்தது
ரோஸ் நிறச் சொப்பிங் பை,
எண்ணெயில் ஊறி, காதில் ஒரு முடிச்சோடு.
"இழுக்கும்போது வந்து குழாய் வாயை அடைக்கும்.
எஞ்சின் நின்றால் விட்டிட்டு மிதக்கும்."

முடிச்சு என்னுடையது.
அந்த வருசம், அனுராதபுரச் சந்தி செட்டில்
மூன்று நாள் கியூ.
இரண்டாம் இரவு யாரோ டாங்கி மூடியைக் களவெடுத்தார்கள்.
மழை வந்தது. பாண் வாங்கின பையை
வாயில் அடைத்தேன்.
புது மூடி வாங்கியபோது பை அங்கே இல்லை,
காற்றுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

பாத்தலட் கூலி சொன்னான். பேரம் பேசவில்லை.
குகநேசன் பையைப் பிழிந்து, மடித்து,
டாஷ்போட்டுக்குள் வைத்தான்.

அடுத்த நாளும் மூன்றரை.
தம்பலகாமச் சந்தி தாண்டியும்
நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.
பாலம்போட்டாறு வந்தது. லொறி போய்க்கொண்டேயிருந்தது.
பிறகு அவனாகவே ஓரங்கட்டினான்,
எஞ்சினை நிறுத்தாமல்.

"பீடி," என்றான்.
நெருப்புப் பெட்டி என்னிடம் இருந்தது.