ஐம்பத்தேழு மடிப்பு

நாளைக் காலை எங்கள் ஆஸ்ட்ராவின் சாவி
நாலாம் மாடி யெலிட்சா கைக்குப் போகிறது.
"விற்ற வண்டிக்கு எண்ணெய் எதற்கு, செனடா?"
ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு ருஸ்மிர்.
பழைய எண்ணெயோடு வண்டியைக் கொடுப்பது
தலை வாராமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி.
அவனிடம் சொல்லவில்லை.
சரிவுப் பலகைமேல் வண்டியை ஏற்றிவிட்டு
அடியில் போய்ப் படுத்தேன்.

கொன்யிட்ஸில் நவம்பர்.
நெரெத்வாவின் ஈரம் தரைவழியாக வந்து முதுகில் ஏறுகிறது,
விரித்த அட்டைப்பெட்டி ஒன்றையும் தடுக்கவில்லை.
கைக்கு எட்டுகிற, கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஃபில்டர்:
ஜாம் டப்பா அளவில் ஒரு தகரக் குடுவை.
போன முறை மாட்டியவர் யாரோ
ஜென்மப் பகையை வைத்து இறுக்கியிருக்கிறார்.
நான்தான் அது.
ஒரு சண்டைக்கு மறுநாள்.

பட்டைச் சாவி வழுக்கியது.
மணல்தாள் சுற்றிப் பிடித்தும் வழுக்கியது.
கடைசியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஓங்கினேன்,
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.
மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை சூடான கறுப்பு.
அரைச் சுற்று, அதற்குப் பிறகு தானே கழன்று
நனைந்த பூனை மாதிரி மார்பின்மேல் விழுந்தது.

திருப்பினால், வாயில் ரப்பர் வளையம் இல்லை.
எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அதன்மேல் புது வளையத்தை வைத்து முறுக்கியிருந்தால்
யப்லானிட்ஸா ஏரி தாண்டுவதற்குள்
எண்ணெய் முழுக்கச் சாலைக்குப் போயிருக்கும்.
நகத்தால் உரித்தேன்.

வேலை அங்கேயே முடிந்திருக்கலாம்.
இதற்குள் என்னதான் இருக்கிறது என்று
பதினோரு வருஷமாக எனக்கொரு கேள்வி.
இரும்பு ரம்பத்தால் கழுத்தை அறுத்தேன்.
துளை போட்ட குழாய், அதைச் சுற்றி
மடித்து மடித்து வைத்த தாள்.
எண்ணினேன், ஐம்பத்தேழு.
அடியில் ஒரு ஸ்பிரிங், அது தாங்குகிற சின்னக் கதவு.
தாள் அடைத்துக்கொண்டால் அது திறந்து
வடிகட்டாமலே விட்டுவிடும்.
பட்டினிக்கு அழுக்கு எண்ணெய் மேல் என்று
யாரோ ஒரு எஞ்சினியர் கணக்குப் போட்டிருக்கிறான்.
குடும்பம் நடத்தியவனாக இருப்பான்.

தாளைப் பிழிந்து
முற்றத்தில் வெயில் விழுந்த கொஞ்ச இடத்தில் நீட்டினேன்.
மினுங்கியது.
"ரம்பத்தின் பொடி," ஜன்னலிலிருந்து.
ஃபிரிட்ஜ் கதவுக் காந்தத்தை எடுத்து வந்தேன்,
சரயேவோ டிராம் படம் போட்டது.
ரம்பப் பொடி எழுந்து அதில் ஒட்டியது.
மிச்சம் அசையவில்லை.
செம்பு நிறம். விரலில் தேய்த்தால் மாவாய்ப் படிகிறது.
உள்ளே எங்கோ ஒரு பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது.
சத்தம் கேட்க ஒரு குளிர்காலம் ஆகலாம்.
மூன்றும் ஆகலாம்.

"தூக்கிப் போடு. ஃபில்டரை அறுத்துப் பார்க்கிறவர்கள் யார்?"
கெட்டவன் இல்லை அவன்.
அந்தப் பணத்துக்காக
வாஷிங் மெஷின், அவன் கடைவாய்ப் பல், மூன்று டன் விறகு
எல்லாம் வரிசையில் நிற்கின்றன.
யெலிட்சா நர்ஸ்,
வாரம் நாலு இரவு மோஸ்தார் போகிறவள்.

அய்வார்த் துவையல் ஜாடியில் தாளைச் சுருட்டிப் போட்டுப் படியேறினேன்.
மூன்றாம் மாடியில் பல்பு இல்லை.
அங்கே கொஞ்சம் நின்றேன்.

அவள் தாளை விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்,
எக்ஸ்ரே பார்க்கிற பழக்கம்.
"எவ்வளவு நாள்?"
தெரியாது என்றேன்.
"எங்களைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம்."
அடுத்த மூச்சில் எழுநூறு மார்க் குறைத்தாள்.
நான் நானூறு என்றேன்.
ஐநூற்றைம்பதில் நின்றது.
வெள்ளிக்கிழமை டியூட்டி, வண்டி வேண்டுமாம்.

இறங்கி வந்து
புது வளையத்தில் ஒரு விரல் எண்ணெய் தடவினேன்.
கையால் மட்டும்.
ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று, போதும்.
இந்த முறை யாரோடும் சண்டை இல்லை,
இன்னும்.
ருஸ்மிர் ஜன்னலைச் சாத்தியிருந்தான்.